ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு

2015ல புரோகிராமர் வேலைக்கு நான் போன முதல் மூணு இன்டர்வியூலயும் ஒரே கேள்விதான். "சிங்கிள்டன் பேட்டர்ன் தெரியுமா? பேப்பர்ல எழுதிக் காட்டு." பேட்டர்ன்னா அடிக்கடி வர்ற ஒரு பிரச்சனைக்கு பழகிப்போன தீர்வு. கிளாஸ்ங்குறது அச்சு, அதுலேர்ந்து வார்த்து எடுக்குறது ஆப்ஜெக்ட்; ஒரு அச்சுலேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் வார்க்கலாம்னு பூட்டி வைக்குறது சிங்கிள்டன். எழுதிக் காட்டினேன். ஆப்ஜெக்ட்ட செய்யுற கன்ஸ்ட்ரக்டர வெளியாளு தொடாம பிரைவேட் ஆக்கு, ஒரு ஸ்டேட்டிக் வேரியபிள் வை, கெட்இன்ஸ்டன்ஸ்னு ஒரு மெத்தட் எழுது, வேரியபிள் காலியா இருந்தா புதுசா ஒரு ஆப்ஜெக்ட் செஞ்சு அதுல போடு, இல்லன்னா இருக்குறதயே தூக்கிக் குடு. பத்து வரி கூட வராது. மூணாவது எடத்துல மட்டும் "ரெண்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள பக்கத்து பக்கத்துல ஓடுற வேலைங்க) ஒரே நேரத்துல வந்தா?"ன்னு மடக்குனாங்க, அதுக்கும் மனப்பாடமா பதில் வச்சிருந்தேன். எதுக்காக ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் இருக்கணும்னு யாரும் கேக்கல, நானும் யோசிக்கல. வேலை கெடச்சிருச்சு, அப்புறம் எதுக்கு யோசிக்கணும்.

சின்ன கம்பெனி, ஒன்பது பேரு, பாண்டிச்சேரில ஒரு பேக்கரிக்கு மேல மாடில ஆபீஸ். ஜவுளிக்கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு குடுத்துட்டு இருந்தாங்க. ஜாவாதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நடுவுல ஒரு சர்வர், அவங்க கவுண்டருங்கள்ல இருக்குற மெஷின் எல்லாம் அதுகூட பேசும். கோட தொறந்து பாத்த முதல் நாளே எனக்கு குஷி, ஏன்னா எனக்குத் தெரிஞ்சது எல்லா எடத்துலயும் இருந்துச்சு. கம்பெனி செட்டிங்ஸ் சிங்கிள்டன், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் சிங்கிள்டன், பில் நம்பர் குடுக்குறது சிங்கிள்டன், தேதிய ஸ்ட்ரிங்கா மாத்துற யுடிலிட்டி கூட சிங்கிள்டன். ஆர்வக்கோளாறுல நானும் என் பங்குக்கு நாலு சேத்தேன்.

அந்த தேதி யுடிலிட்டிதான் முதல்ல கடிச்சுது. 2016 தீபாவளி சீசன். கடலூர் கடைல ஒரு அம்மா நேத்து எடுத்த சேலைய மாத்த வந்திருக்காங்க, அங்க 7 நாளுக்குள்ள வந்தா மாத்திக் குடுப்பாங்க. பில்லப் பாத்தா ஆகஸ்ட் மாச தேதி. கவுண்டர் பையன் முடியாதுன்னுட்டான். அந்தம்மா சும்மா விடுவாங்களா, கடையே ரெண்டு ஆயிருச்சு. அப்புறம் தேடிப் பாத்தா அந்த வாரத்துல மட்டும் இப்படி பத்து பதினஞ்சு பில்லு. சர்வர் எழுதி வைக்குற பதிவு ஃபைல்ல ஒரு எர்ரரும் இல்ல. என் மெஷின்ல ஓட்டிப் பாத்தா சமத்தா சரியான தேதி வருது, ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன்.

விஷயம் என்னன்னா ஜாவால சிம்பிள்டேட்ஃபார்மேட்னு ஒரு கிளாஸ் இருக்கு. அது தனக்குள்ள ஒரு காலண்டர் ஆப்ஜெக்ட்ட வச்சுக்கிட்டு, நீங்க ஒரு தேதிய குடுத்தா முதல்ல அத அந்த காலண்டர்ல ஏத்தி, அப்புறம் அதுலேர்ந்து நாள், மாசம், வருஷம்னு ஒண்ணொண்ணா எடுத்து எழுதும். ஏத்துறதுக்கும் எடுக்குறதுக்கும் நடுவுல இன்னொரு த்ரெட் வந்து தன் தேதிய ஏத்திட்டா, நம்ம பில்லுல அவன் தேதி வந்துரும். சாதாரண நாள்ல எல்லாரும் இன்னிக்கு தேதியத்தான் போடுறாங்க, அதனால கலந்தாலும் வெளிய தெரியாது. தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் கவுண்டர்ல பழைய பில்லுங்கள எடுத்து எடுத்துப் பாக்குறாங்க, பக்கத்து கவுண்டர்ல புது பில்லு ஓடுது, பழைய தேதி இங்க வந்து ஒக்காந்துக்குச்சு. பத்து த்ரெட் வச்சு ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டுனேன், ஒரு செகண்டுலயே சந்தி சிரிச்சுருச்சு. அந்த கிளாஸோட டாக்குமெண்ட்லயே இத பல த்ரெட்டுக்கு பொதுவா வைக்காதீங்கன்னு எழுதியிருக்கான், நாங்கதான் படிக்கல. 2014ல வந்த ஜாவா 8ல டேட்டைம்ஃபார்மேட்டர்னு மாறவே மாறாத ஒண்ணு இருக்கு, அதப் போட்டு சரி பண்ணிட்டோம்.

அப்ப நான் எடுத்துக்கிட்ட பாடம், "சிம்பிள்டேட்ஃபார்மேட் மோசம்". சிங்கிள்டன் மேல எனக்கு ஒரு சந்தேகமும் வரல. சூடு கண்ட பூனைன்னு சொல்வாங்க, நான் பூனைய விட மோசம், எந்த அடுப்பு சுட்டுச்சுன்னே பாக்காம வந்துட்டேன்.

இந்த எடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா இந்த பேட்டர்ன்ங்குற சொல்லே கம்ப்யூட்டர்காரங்களோடது இல்ல. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர்னு ஒரு ஆர்க்கிடெக்ட், வியன்னால பொறந்தவர், இங்கிலாந்துல படிச்சு அமெரிக்காவுல பெர்க்லில வாத்தியாரா இருந்தவர், 2022லதான் காலமானார். அவரும் அவர்கூட இருந்தவங்களும் 1977ல ஒரு தடிப் புத்தகம் போட்டாங்க, அதுல ஊரு, தெரு, வீடு, ரூம், ஜன்னல்னு பெருசுலேர்ந்து சின்னது வரைக்கும் 253 பேட்டர்ன். ஒவ்வொண்ணும் ஒரு பிரச்சனைல ஆரம்பிக்கும், எதுக்கும் எதுக்கும் இழுபறி நடக்குதுன்னு சொல்லும், அப்புறம்தான் தீர்வு. உதாரணத்துக்கு 159வது, எல்லா ரூமுக்கும் ரெண்டு பக்கத்துலேர்ந்து வெளிச்சம் வரணும்ங்குறது, ஒரே பக்கம் ஜன்னல் இருந்தா எதுத்தாப்ல இருக்குறவங்க முகமே சரியா தெரியாது, கண்ணு கூசும், ஜனங்க அந்த ரூமுல ஒக்கார மாட்டாங்கன்னு. 167வது, பால்கனி 6 அடிக்கு கொறவா இருந்தா யாரும் பயன்படுத்த மாட்டாங்கன்னு. நம்ம ஃபிளாட்டுங்கள்ல 3 அடிக்கு ஒரு பால்கனி கட்டி விக்குறானே, அதுல துணி காயப்போடுறத தவிர வேற ஏதாவது நடக்குதா பாருங்க.

அதுல 242வது பேட்டர்ன் என்ன தெரியுமா? வாசக்கதவு பக்கத்துல ஒரு பெஞ்சு. வீட்டுக்குள்ளயும் இல்லாம தெருவுலயும் இல்லாம, ரெண்டுக்கும் நடுவுல ஒக்காந்து போற வர்றவங்கள பாத்துக்கிட்டு இருக்க ஒரு எடம், குறிப்பா வயசானவங்களுக்கு. இத படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு. நம்ம பாட்டி இருந்தா "இத சொல்ல ஒரு புத்தகமா, திண்ணைடா இது"ன்னு கேட்டிருக்கும். ஆனா அதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. திண்ணைன்னு ஒரு சொல்லு சொன்னா ஒசரம் எவ்ளோ, அகலம் எவ்ளோன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. வெயில்ல வந்தவன் ஒக்காருவான், தாத்தா சாயங்காலம் அங்கதான் இருப்பாரு, உள்ள கூப்புட வேண்டாத ஆளுகூட அங்கயே பேசி அனுப்பிரலாம், இதெல்லாம் மனசுல வரும். அது ஏன் இருக்குதுங்குறது அந்த பேருக்குள்ளயே இருக்கு. கல்லுல கட்டுனாலும் திண்ணை, மண்ணுல கட்டுனாலும் திண்ணை.

கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம்னு ரெண்டு புரோகிராமருங்க இந்த யோசனைய புரோகிராமிங்குக்கு இழுத்துட்டு வந்தாங்க. 1987ல ஊப்ஸ்லான்னு ஒரு புரோகிராமிங் மாநாட்டுல, ஸ்மால்டாக்ங்குற மொழில ஸ்கிரீன் டிசைன் பண்றதுக்கு அஞ்சே அஞ்சு பேட்டர்ன குடுத்து, அத பயன்படுத்தப்போற ஆளுங்களையே டிசைன் பண்ண விட்டோம், நல்லா வந்துச்சுன்னு சொன்னாங்க. அந்த வார்ட் கன்னிங்காமேதான் 1995ல இந்த மாதிரி பேட்டர்ன் எல்லாத்தையும் எல்லாரும் சேந்து எழுதி திருத்தி வைக்க ஒரு வெப்சைட் செஞ்சாரு, அதுக்கு ஹொனலூலு ஏர்போர்ட்ல ஓடுற விக்கி விக்கி பஸ்ஸோட பேர வச்சாரு. உலகத்தோட முதல் விக்கி அதுதான். இன்னிக்கு விக்கிபீடியா பாக்குறவங்கள்ல எத்தன பேருக்கு இது டிசைன் பேட்டர்ன்காரங்க பெத்து விட்ட புள்ளன்னு தெரியும்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச புத்தகம் 1994ல வந்தது. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ்னு நாலு பேரு, அதனால நால்வர் கும்பல்னு ஒரு பட்டப்பேரு. 23 பேட்டர்ன், சி பிளஸ் பிளஸ்லயும் ஸ்மால்டாக்லயும் உதாரணம். ஜாவா அப்ப வெளியவே வரல. அவங்க எதையும் புதுசா கண்டுபிடிச்சதா சொல்லிக்கல, வேற வேற சிஸ்டத்துல ஒருதடவைக்கு மேல பயன்பட்டத மட்டும்தான் எடுத்தோம்னு முதல்லயே சொல்லிட்டாங்க. ஒவ்வொரு பேட்டர்னுக்கும் எப்ப பயன்படுத்தலாம், பயன்படுத்துனா என்ன பின்விளைவு, எங்கெங்க ஏற்கனவே இருக்குன்னு தனித்தனியா எழுதியிருக்காங்க. நாம என்ன பண்ணோம்னா படத்தையும் கோடையும் மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டோம். மருந்துச் சீட்டுல யாருக்கு எந்த வியாதிக்குங்குறத விட்டுட்டு மாத்திரை பேர மட்டும் எழுதி ஊரெல்லாம் வித்த மாதிரி.

23லயும் சிங்கிள்டன்தான் ஏன் இவ்ளோ பிரபலம்னு யோசிச்சா, ஒரே கிளாஸ்ல முடிஞ்சிருது, அவ்ளோதான். அதே புத்தகத்துல இருக்குற விசிட்டர் பேட்டர்ன எழுதச் சொன்னா அரை மணி நேரம் ஆவும், இன்டர்வியூ எடுக்குறவருக்கே பாதில கொழம்பிரும். சிங்கிள்டன் பத்து வரி, திருத்தவும் சுலபம். இன்னொண்ணு எனக்கு ரொம்ப நாள் கழிச்சு தோணுச்சு. அடாப்டர்னு சொன்னா ரெண்டு ஒட்டாத விஷயத்த ஒட்ட வைக்கணும்னு பிரச்சனை தெரியுது, அப்சர்வர்னா ஒருத்தன் மாறுறத இன்னொருத்தன் கவனிக்கணும்னு தெரியுது. சிங்கிள்டன்ல என்ன தெரியுது? ஒண்ணுங்குற எண்ணிக்கைதான் தெரியுது. எந்த பிரச்சனைக்கு ஒண்ணு, ஏன் ஒண்ணு, எதுவரைக்கும் ஒண்ணு, அந்த பேருல ஒண்ணுமே இல்ல. அது திண்ணை இல்ல, "3 அடி ஒசர மேடை"ங்குற மாதிரி.

சரி, என் கதைக்கு வர்றேன்.

2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்துச்சு. அந்த மூணு மாசம் ஆபீஸ்ல யாரும் ஒழுங்கா தூங்கல, அது தனிக் கதை. கம்பெனி செட்டிங்ஸ் சிங்கிள்டன்ல பழைய வரி நம்பர் இருந்த எடத்துல ஜிஎஸ்டி நம்பர போட்டோம். 15 எழுத்து, முதல் ரெண்டும் மாநில கோடு, தமிழ்நாட்டுக்கு 33. எல்லா பில்லும் கெட்இன்ஸ்டன்ஸ் கூப்புட்டு அந்த நம்பர எடுத்து தலைல அடிச்சிக்கும். நல்லாத்தான் போச்சு. அடுத்த வருஷம் கடலூர் கடை முதலாளி பாண்டிச்சேரில ஒரு கிளை தொறந்தாரு. சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போடுறதுக்குள்ள வந்துரும். ஆனா பாண்டிச்சேரி வேற, கோடு 34, மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு, தனி நம்பர்.

ஒரு கம்பெனி, ஒரு செட்டிங்ஸ், ஒரு நம்பர்னு நெனச்சு எழுதுன கோடு. இப்ப ரெண்டு நம்பர். சரியா செய்யணும்னா எத்தன எடத்துல கெட்இன்ஸ்டன்ஸ் இருக்குன்னு தேடிப் பாத்தேன், 137 எடம். கடை தொறப்பு விழாவுக்கு எட்டு நாள். அப்ப எனக்கு ஒரு "பிரமாதமான" ஐடியா வந்துச்சு, சொல்லவே வெக்கமா இருக்கு. பாண்டிச்சேரி கவுண்டர்லேர்ந்து பில் வந்தா, சிங்கிள்டன்ல நம்பர 34க்கு மாத்து, பில்ல போடு, முடிஞ்சதும் பழையபடி 33க்கு மாத்திரு. நாலு வரி. டெஸ்ட் பண்ணேன், ஓடுச்சு. தனியா ஒக்காந்து ஒரே ஒரு பில் போட்டுப் பாத்தா எதுதான் ஓடாது.

தொறப்பு விழா அன்னிக்கு மதியம் முதலாளி போன். "என்ன தம்பி, இங்க கடலூர் கடை பில்லுல பாண்டி நம்பர் வருதே, அங்க பாண்டி பில்லு ரெண்டு கடலூர் நம்பர்ல வந்திருக்காம், ஆடிட்டர் என்ன கிழிகிழின்னு கிழிக்குறாரு." எனக்கு வயித்துல புளிய கரைச்சுது. தேதி பிரச்சனை வந்தப்ப பாத்த அதே விஷயம்தான், ஏத்துறதுக்கும் எடுக்குறதுக்கும் நடுவுல இன்னொருத்தன். போன தடவ ஜாவா லைப்ரரி எழுதுனவன திட்டுனேன், இந்த தடவ திட்ட ஆளு இல்ல.

டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, எங்க எல்லாருக்கும் சீனியர், அதட்டி பேச மாட்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு கோட காட்டுனேன். கொஞ்ச நேரம் ஸ்குரோல் பண்ணிட்டு, "இது என்னப்பா"ன்னாங்க.

"சிங்கிள்டன் க்கா."

"அது சரி. இதுக்கு இன்னொரு பேரு இருக்கு, காலேஜ்ல முதல் வருஷம் சி சொல்லிக் குடுத்தப்ப இத எழுதக் கூடாதுன்னு அடிச்சு சொல்லிக் குடுத்திருப்பாங்களே."

"...குளோபல் வேரியபிளா?"

"ஆங். கோட்டு சூட்டு மாட்டி விட்டா தெரியாதா?"

குளோபல் வேரியபிள்னா புரோகிராம்ல எங்கேர்ந்து வேணும்னாலும் யாரும் தொடலாம்ங்குற பொது வேரியபிள். நால்வர் கும்பல் புத்தகத்துல சிங்கிள்டனோட நோக்கம்னு ஒரே வாக்கியம்தான் இருக்கு, அதுல ரெண்டு வேல. ஒரு கிளாஸுக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான்னு உறுதி பண்றது ஒண்ணு, எங்கேர்ந்து வேணும்னாலும் அத எடுத்துக்கலாம்னு வழி விடுறது ரெண்டு. முதலாவது சில எடத்துல நியாயம், அவங்களே பிரிண்டருக்கான ஸ்பூலர் (பிரிண்ட் வேலைங்கள வரிசைல நிறுத்துறது), ஃபைல் சிஸ்டம், விண்டோ மேனேஜர்னு உதாரணம் சொல்றாங்க. ரெண்டாவதுதான் வெஷம், ஏன்னா நூத்துக்கு தொண்ணூறு பேரு சிங்கிள்டன் எழுதுறது ஒண்ணே ஒண்ணு வேணுங்குறதுக்காக இல்ல, எங்க வேணும்னாலும் கைய விட்டு எடுத்துக்கலாம்ங்குற சோம்பேறித்தனத்துக்காக. நானும் அதுல ஒருத்தன்.

அன்னிக்கு ராத்திரி தற்காலிகமா த்ரெட்லோக்கல்னு ஒண்ண வச்சு, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நம்பர்னு ஆக்கி ஒட்டுப் போட்டோம். பகல் பில்லுங்க சரியாச்சு. ஆனா ராத்திரி ரிப்போர்ட் ஓடுற த்ரெட் பூல்ல, அதாவது வேலை முடிஞ்சும் சாகாம அடுத்த வேலைக்குப் போற த்ரெட்டுங்கள்ல, பழைய நம்பர் ஒட்டிக்கிட்டு வந்துச்சு, அத தொடைக்க இன்னொரு ஒட்டு. ஒட்டு மேல ஒட்டு போட்ட பாவாட மாதிரி ஆயிருச்சு. அதுக்கும் மேல ஒரு அடி காத்திருந்துச்சு. கடலூர்லேர்ந்து பாண்டிக்கு சரக்கு அனுப்பணும். ஜிஎஸ்டில ஒரே முதலாளியா இருந்தாலும் வேற மாநிலப் பதிவுன்னா வேற ஆளு மாதிரிதான், அதனால நம்ம கடைக்கு நாமளே பில் போட்டு, மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பணும். அந்த ஒரே பில்லுல மேல அனுப்புறவர் நம்பர் 33ல, கீழ வாங்குறவர் நம்பர் 34ல. ரெண்டும் நம்ம கம்பெனிதான்.

அதாவது ஒரே நேரத்துல, ஒரே பேப்பர்ல, நம்ம கம்பெனியே ரெண்டு. த்ரெட்டுக்கு ஒண்ணு வச்சாலும் போதாது. ஒண்ணே ஒண்ணுன்னு நாங்க கல்லுல செதுக்கி வச்சது எதுன்னா அன்னிக்கு தேதில அந்த வாடிக்கையாளருக்கு ஒரு கடைதான் இருந்துச்சுங்குற தற்செயல். அத போயி கிளாஸோட இலக்கணமா எழுதி வச்சிருந்தோம்.

அப்புறம் ஒழுங்கா ஒக்காந்து பிரிச்சோம். ஆறு வாரம் ஆச்சு, மத்த வேலைக்கு நடுவுல. முறை ரொம்ப சாதாரணம். அடில இருக்குற மெத்தட்ட எடுத்து, அது கெட்இன்ஸ்டன்ஸ் கூப்புடுறதுக்கு பதிலா செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட்ட ஆர்க்யுமெண்ட்டா, அதாவது கூப்புடுறவன் கையிலேர்ந்தே, வாங்குற மாதிரி மாத்து, அத கூப்புடுறவன் இப்போதைக்கு கெட்இன்ஸ்டன்ஸ் பண்ணி குடுக்கட்டும். அடுத்த நாள் அவனயும் அதே மாதிரி மாத்து. இப்படியே ஒரு படி ஒரு படியா மேல தள்ளிக்கிட்டே போனா கடைசில எல்லாம் ஆரம்பிக்குற எடத்துல வந்து நிக்கும், அங்க கவுண்டர் எந்த கிளைன்னு தெரியும், அந்த கிளையோட பதிவ எடுத்து உள்ள அனுப்பிரலாம். கம்பெனி செட்டிங்ஸ்னு இருந்த பேரயும் மாத்தி "வரிப்பதிவு"ன்னு வச்சோம், பேரு மாத்துனதும் பாதி கொழப்பம் போயிருச்சு, கடை லோகோவும் பிரிண்டர் அளவும் எதுக்கு வரிப்பதிவுல இருக்குன்னு தானா கேள்வி வந்து அதெல்லாம் வெளிய போச்சு.

ஒரு கிளாஸோட கன்ஸ்ட்ரக்டருக்கு 9 ஆர்க்யுமெண்ட் வந்துருச்சு. பாக்கவே அசிங்கமா இருக்கு, பழையபடியே நல்லா இருந்துச்சேன்னு ஒரு தம்பி சொன்னான். பழையபடியும் அதுக்கு அந்த 9 தேவைப்பட்டுச்சுதான், ஆனா கொல்லப்பக்கமா போயி எடுத்துட்டு வந்துச்சு, வாசல்ல நின்னு பாத்த நமக்கு தெரியல. இப்ப வாசல் வழியா வருது, கண்ணுல படுது, இந்த கிளாஸ் ரொம்ப வேல பாக்குதுன்னு தெரியுது. அத மூணா பிரிச்சோம்.

கோடு சரியா ஓடுதான்னு தானா சரிபாக்குற டெஸ்ட் புரோகிராமுங்க பத்தியும் சொல்லணும். தனியா ஓட்டுனா பாஸ், எல்லாத்தையும் சேத்து ஓட்டுனா ஃபெயில்னு எங்ககிட்ட ஒரு இருபது டெஸ்ட் இருந்துச்சு, ரொம்ப நாளா பேய் பிடிச்ச டெஸ்டுன்னு சொல்லி ஒதுக்கி வச்சிருந்தோம். முந்தின டெஸ்ட் சிங்கிள்டன்ல எதையாவது மாத்தி வச்சிட்டு போயிருக்கும், ஸ்டேட்டிக் வேரியபிள் அந்த புரோகிராம் சாகுற வரைக்கும் சாகாது, அடுத்த டெஸ்ட் அந்த எச்சில் எலைலயே வந்து ஒக்காரும். வரிப்பதிவு வெளிய வந்ததும் பேய் ஓடிப்போச்சு.

இன்டர்வியூல மடக்குன அந்த த்ரெட் கேள்விக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் உள்ள போகலாம்னு ஒவ்வொரு தடவையும் லாக் (பூட்டு) போட்டா ஸ்லோ ஆவுதுன்னு, முதல்ல லாக் இல்லாம பாரு, காலியா இருந்தா மட்டும் லாக் போட்டு இன்னொரு தடவ பாருன்னு ஒரு தந்திரம், டபுள் செக்டு லாக்கிங்னு பேரு. பாத்தா கச்சிதமா இருக்கும். ஆனா பழைய ஜாவா மெமரி மாடல்ல, அதாவது ஒரு த்ரெட் எழுதுனது இன்னொரு த்ரெட்டுக்கு எப்ப தெரியும்ங்குற விதில, அது ஒடஞ்சது. ஆப்ஜெக்ட் முழுசா கட்டி முடியுறதுக்கு முன்னாடியே அதோட முகவரி வெளிய தெரிஞ்சிரலாம், இன்னொரு த்ரெட் காலியா இல்லயேன்னு உள்ள நொழஞ்சா பாதி கட்டுன ஆப்ஜெக்ட் கையில வரும், கிரகப்பிரவேசத்துக்கு பத்திரிகை வச்சாச்சு, போயி பாத்தா கூரை இல்லங்குற மாதிரி. 2004ல ஜாவா 5 வந்து மெமரி மாடல திருத்துன பிறகுதான், அதுவும் அந்த வேரியபிள வாலட்டைல்னு போட்டா மட்டும், அது சரியா ஓட ஆரம்பிச்சுது. அப்புறம் ஜாவா லைப்ரரிங்கள டிசைன் பண்ணவங்கள்ல ஒருத்தரான ஜோஷுவா பிளாக், ஒரே ஒரு மதிப்பு இருக்குற enum (மதிப்புங்கள முன்னாடியே பட்டியல் போட்டு வைக்குற வகை) எழுதிருங்க, தொல்லையே இல்லன்னு சொல்லிட்டாரு. பத்து வரி பேட்டர்னுக்கு பத்து வருஷம் சண்டை. இவ்ளோ மெனக்கெட்டு ஒரு குளோபல் வேரியபிள பாதுகாப்பா கட்டுறதுக்கு பதிலா அது வேணுமான்னு கேட்டிருக்கலாம்.

கேட்டவரு யாருன்னா புத்தகம் எழுதுன எரிக் காமாவே. 2009ல, புத்தகம் வந்து 15 வருஷம் ஆனப்ப ஒரு பேட்டில, இப்ப திருத்தி எழுதுனா எத எடுப்பீங்கன்னு கேட்டதுக்கு சிங்கிள்டன எடுத்துருவேன், அத யாராவது பயன்படுத்துனாலே பெரும்பாலும் டிசைன்ல ஏதோ நாத்தம் அடிக்குதுன்னு அர்த்தம்னு சொன்னாரு. புதுசா சேக்க நெனச்சதுல டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷனும் இருந்துச்சு, அதான் நாங்க ஆறு வாரம் கையால பண்ணோமே, வேணுங்குறத தேடிப் போயி எடுக்காம வெளிய இருந்து குடுக்குறது. நான் அந்த மூணு இன்டர்வியூலயும் பத்து வரி எழுதிக் காட்டுனது இவரு இத சொல்லி ஆறு வருஷம் கழிச்சு.

ஸ்பிரிங்னு ஒரு ஜாவா ஃபிரேம்வொர்க் இருக்கு, பீன்னு சொல்ற ஆப்ஜெக்ட்டுங்கள அதோட கண்டெய்னரே செஞ்சு குடுக்கும். அத பயன்படுத்துறவங்க இங்க சண்டைக்கு வருவாங்க, எங்க பீன் எல்லாம் வேற மாதிரி சொல்லாட்டி சிங்கிள்டன்தானேன்னு. ஆமா, ஆனா அது அந்த கண்டெய்னருக்குள்ள ஒண்ணு, அத கிளாஸுக்கே தெரியாது, டெஸ்டுல நீங்க நாலு செஞ்சுக்கலாம். வேலைக்கு ஒண்ணு போதும்னு வெளிய ஒருத்தர் முடிவு பண்றதும், நான் ஒருத்தன்தான் இருப்பேன்னு கிளாஸே அடம் பிடிக்குறதும் வேற வேற. கோட்லின்ல ஆப்ஜெக்ட்னு ஒரே சொல்லுல சிங்கிள்டன் வந்துரும், பைத்தான்ல ஒரு மாட்யூல் ஒருதடவதான் லோட் ஆவும், அதுவே பாதி சிங்கிள்டன். பத்து வரி எழுதுற கஷ்டமாவது இருந்துச்சு, இப்ப தப்பு பண்றது இன்னும் சுலபம்.

பேட்டர்ன் மேலயே வெறுப்பு வந்துருச்சான்னு கேட்டா இல்ல. மாறுற விதிங்கள தனித்தனியா வெளிய எடுத்து வைக்குற ஸ்ட்ரேட்டஜி பேட்டர்ன் இல்லன்னா ஆடி மாசத்த நாங்க தாண்டியே இருக்க முடியாது. ஆடித் தள்ளுபடின்னா ஒரு கடைல 10 சதவீதம், ஒரு கடைல ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, ஒரு கடைல பட்டுக்கு மட்டும் இல்ல, இதெல்லாம் ஒரே மெத்தட்ல இஃப் எல்ஸ் இஃப்னு 400 வரிக்கு ஓடிட்டு இருந்துச்சு, ஒரு கடைக்கு மாத்துனா இன்னொரு கடைல படுத்துக்கும். அக்கா ஒவ்வொண்ணயும் தனித்தனி விதியா பிரிச்சு, பில் போடுற கோடுக்கு விதி என்னன்னே தெரியாம ஆக்குனாங்க. ஜாவா 8ல லாம்டாங்குற பேரில்லாத குட்டி ஃபங்ஷன் வந்த பிறகு பாதி விதிக்கு கிளாஸே தேவைப்படல, ஒரு வரிதான். பீட்டர் நார்விக்ங்குற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1996லயே அந்த 23ல 16 பேட்டர்ன் லிஸ்ப் மாதிரி மொழில ஒண்ணு ரொம்ப லேசாயிரும், இல்ல கண்ணுக்கே தெரியாம போயிரும்னு காட்டிட்டாரு. ஆனா கோடு கரைஞ்சு போனாலும் பேரு இருந்துச்சு, "அது ஸ்ட்ரேட்டஜிதானே, வெளிய எடு"ன்னு ஒரு வார்த்தைல பேசிக்க முடிஞ்சுது.

கடைசியா பில் நம்பர் குடுக்குற சிங்கிள்டன். அது தானா செத்துச்சு. கூட்டம் தாங்கலன்னு ரெண்டாவது சர்வர் போட்டோம், ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு "ஒண்ணே ஒண்ணு", ரெண்டும் ஒரே நம்பர குடுத்துச்சு. ஜிஎஸ்டில ஒரு நிதியாண்டுக்குள்ள பில் நம்பர் திரும்ப வரக்கூடாது. மறுபடி ஆடிட்டர், மறுபடி போன். அத டேட்டாபேஸ் கிட்ட ஒப்படைச்சிட்டோம், ஏன்னா நெசமாவே ஒண்ணா இருந்தது அதுதான்.

137 எடத்துல இப்ப மிச்சம் இருக்குறது ஒண்ணு. கவுண்டர் மெஷின்ல பில் பிரிண்டர்கூட பேசுற கிளாஸ், சீரியல் போர்ட்ட ஒரு நேரத்துல ஒருத்தன்தான் தொறக்க முடியும், அதனால அது மட்டும் நியாயமான சிங்கிள்டன்னு அக்காவே விட்டு வச்சாங்க. புத்தகத்துலயே பிரிண்டர் உதாரணம் இருக்கேன்னு நானும் கெத்தா ஒரு கமெண்ட் எழுதி வச்சேன்.

போன வாரம் முதலாளி போன் பண்ணாரு. கவுண்டர்ல பார்கோடு ஸ்டிக்கருக்கு ரெண்டாவது பிரிண்டர் மாட்டணுமாம்.